கண்ணாடியில் ஒரு கோடு, விலையில் பாதி

ஐயாவின் கைக்கடிகாரத்தைக் கையில் வாங்கிய கடைக்காரர் அதைக் காதருகே கொண்டுபோகவில்லை, சாவி கொடுத்துப் பார்க்கவில்லை, பின்மூடியைத் திறக்கவும் இல்லை. கட்டைவிரல் நகத்தைக் கண்ணாடியின் மேல் குறுக்காக ஒரு முறை இழுத்தார், மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் எங்கோ நகம் லேசாகத் தட்டியது, உதட்டைப் பிதுக்கினார். "கிளாஸ்ல கோடு விழுந்திருக்கே அண்ணே." முந்தின நாள் படத்தைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் 9,000 ரூபாய் என்று தாமாகவே சொன்ன மனிதர், இப்போது 4,000 என்றார். அந்தக் கோட்டின் நீளம் ஒரு நெல்மணிதான் இருக்கும். ஒரு நெல்மணிக்கு 5,000 ரூபாய் குறைக்கும் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

கடிகாரம் சாதாரணமானதும் அன்று. தன் பிறப்பை 1737 என்று சொல்லிக்கொள்ளும் சுவிட்சர்லாந்தின் ஃபேவர் லூபா. உராய்வைக் குறைக்க உள்ளே 17 கல் வைத்த, சாவி கொடுத்து ஓட்டும் சீ சீஃப் மாடல். பினாங்குக் கிட்டங்கியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த ஐயா, 1960களில் ஊர் திரும்பும்போது வாங்கி வந்தது. டயல் பழுத்த தந்தத்தின் நிறத்துக்கு வந்திருக்கிறதே தவிர, அதன்மேல் வேறு கை பட்டதில்லை. கீறல் மட்டும் என் திருப்பணி. மாசி மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது, முகப்புக் கருங்கல் தூணில் மணிக்கட்டு உரசியது. மழைக்கு முன் வளவின் கூரை ஓடுகளை மாற்றியாக வேண்டும், பங்காளிகள் ஐவரில் என் பங்குக்கு ஒரு தொகை விழுந்தது என்பதால்தான் அதை விற்கவே துணிந்தேன்.

"அண்ணே, இது பிளாஸ்டிக் கிளாஸ், இதுக்கு மேல தர முடியாது" என்று அவர் தொடர்ந்தாரே, அங்கேதான் எனக்கு இரத்தம் கொதித்தது. ஆம், அக்ரிலிக்தான், அந்தக் காலத்துக் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் அதுதான் இருந்தது. 1969இல் ஆல்ட்ரின் கையில் கட்டிக்கொண்டு நிலவில் நடந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரின் கண்ணாடியும் இதே பிளாஸ்டிக்தான். அடி விழுந்தால் சில்லுசில்லாக உடைந்து சிதறாது என்பதே அதன் பெருமை. எளிதில் கீறும், எளிதில் தேய்த்தும் போக்கலாம். இன்றைய கடிகாரங்களில் வரும் மினரல் கிளாஸை வீட்டில் தேய்த்துச் சரிசெய்வது நடக்கிற காரியமில்லை, மாற்றத்தான் வேண்டும். சஃபையர் கண்ணாடி 10 வரை போகும் கடின அளவுகோலில் 9, வைரத்துக்கு அடுத்த படி, அதில் கீறல் விழுவது அரிது, ஆனால் வசமாக அடிபட்டால் உடைந்துபோகும். மினரல் கிளாஸின் கடினம் 5, 6 அளவில்தான். நம் ஊர்ப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணலுக்கோ 7. தூசி படிந்த கடிகாரத்தைத் துண்டால் அழுத்தித் துடைப்பவர்கள் துடைக்கவில்லை, அரம் போடுகிறார்கள். இவ்வளவும் கடிகாரம் வாங்கி விற்கும் மனிதருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

அதே கண்ணாடிப் பெட்டிக்குள், என் கடிகாரத்துக்கு அவர் சொன்ன விலையைப் போல் இரண்டு மடங்குக்கு இன்னொன்று பளபளத்துக்கொண்டிருந்தது. டயலில் புதிதாக நீல வண்ணம் அடித்து, எழுத்தை மறுபடி அச்சிட்டிருந்தார்கள். விநாடிக் கோடுகள் அச்சில் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தன. சேகரிப்பவர்கள் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலி செய்து ஒதுக்குகிற வகை. கண்ணாடி மட்டும் புத்தம் புதிது. அதற்குப் பக்கத்து அலமாரியில் ஓரம் பேர்ந்து, உள்ளே இரும்பு தெரிகிற எனாமல் அடுக்குப் பாத்திரம் ஒன்று இருந்தது. கேட்டதற்கு, "அது பழசுக்கு அடையாளம் அண்ணே, பேர்ந்திருந்தாத்தான் ஒரிஜினல்" என்றார். எனாமல் பேர்ந்தால் பழமை, கண்ணாடி கீறினால் பழுது! ஆத்தங்குடியில் தரைக்கு ஒட்டும் பூக்கல் வார்ப்பவர்கள் கண்ணாடிக் கீறலுக்கு முகம் சுளித்தால் அதில் நியாயம் உண்டு, ஏனென்றால் அவர்கள் கல்லின் வழுவழுப்பே அடியில் வைக்கும் கண்ணாடியிலிருந்து வருவது. இவருக்கு என்ன வந்தது?

கோபத்தோடு வெளியே வந்து, பழுது பார்க்கும் ஒருவரிடம் போனேன். அவர் நல்ல மனிதர், அதுதான் இன்னும் ஆபத்து. "கிளாஸ் மாத்திடலாம், 200 ரூபாய், கேசையும் பாலிஷ் போட்டுப் புதுசாக்கித் தாரேன்" என்றார். அவர் எடுத்துக் காட்டிய கண்ணாடி தட்டையானது. ஐயாவினுடையது நடுவில் மேடாக எழுந்து, சாய்த்துப் பார்த்தால் முள்ளை வளைத்துக் காட்டுவது. பாலிஷ் சக்கரத்தில் கடிகாரத்தின் உலோகக் கூடான கேசை ஒரு முறை பிடித்தால், பட்டை மாட்டும் காதுகளின் கூர்மையான விளிம்புகள் சோப்புக் கட்டி போல மழுங்கிப் போகும். அதை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது. சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய ஹெச்.எம்.டி.யை இப்படித்தான் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, வாங்கும்போது வாயெல்லாம் பல்லாக நன்றி வேறு சொன்னேன். அந்த அறிவீனத்தை நினைத்தால் இன்றும் பற்றி எரிகிறது.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். ஈரப் பஞ்சால் தூசியை ஒற்றி எடுத்து, கேசைச் சுற்றி டேப் ஒட்டி, 2000 எண் வாட்டர் பேப்பரை, அதாவது மிக நுண்ணிய உப்புத்தாளை, நனைத்துக் கோட்டின் மேல் மெதுவாகத் தேய்த்ததும் கண்ணாடி முழுவதும் பால் ஊற்றியது போல வெளுத்துவிட்டது. அந்த நிமிடம் வயிறு கலங்கியது உண்மை. பிறகு பழைய பருத்தி வேட்டித் துணியில் பற்பசையை வைத்து வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, வெண்மை கலைந்து முதலில் முள் தெரிந்தது, அப்புறம் எண், கடைசியில் பெயர். நாற்பது நிமிடம். செலவு பதினைந்து ரூபாய்கூட இராது. நகத்தை இழுத்துப் பார்த்தேன், எங்கும் தட்டவில்லை.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நகத்தை இழுத்தார், மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். "கிளாஸ் புதுசா இருக்கே, மாத்திட்டீங்களா? ஒரிஜினல் கிளாஸ் இல்லாம எப்படி அண்ணே? 3,500 தாரேன்."

கோடு இருந்தபோது 4,000, கோடு போனபின் 3,500. நான் ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் அந்தக் கடைப் பெட்டியின் கண்ணாடிக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது. கடிகாரத்தை வாங்கிக் கையில் கட்டிக்கொண்டு படி இறங்கினேன். ஓடு மாற்றுபவர் முன்பணம் கேட்டு நேற்றும் அழைத்துவிட்டார். கடைக்காரரும் அழைத்தார்: வீட்டில் பழைய எனாமல் அடுக்கு கிடந்தால் கொண்டுவர வேண்டுமாம், ஓரம் எவ்வளவு பேர்ந்திருந்தாலும் பரவாயில்லையாம்.