கிண்ணியாவில் இருப்பது ஒரே ஒரு பாலம் அல்ல

தம்பி, "கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும் 2021இல் பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றிச்செல்லும் மிதவை) கவிழ்ந்ததே, பாலத்தால் என்ன பயன்? அந்தக் காசில் கடற்கரையை அழகாக்கியிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் உள்ள இரண்டு இடங்களைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

2009 அக்டோபரில் சவூதி நிதியுதவியோடு திறந்தது 396 மீற்றர் நீளப் பெரிய பாலம். திருகோணமலை–மட்டக்களப்பு வீதியில் இருக்கிறது. அங்கே ஓடிய பாதை அதோடு நின்றுவிட்டது. 2021 நவம்பர் 23 விபத்து நடந்தது கிண்ணியாவிலேயே இன்னோர் இடமான குறிஞ்சாக்கேணியில். பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதிது கட்டும் வேலை முடியாததால் மிதவைப் பாதையில் ஆட்களை ஏற்றினார்கள். காலையில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் அதில்தான் இருந்தார்கள். பாலம் இருந்ததால் நடந்த விபத்தா அது? இல்லாததால் நடந்தது! கடற்கரை அழகாகட்டும், யார் வேண்டாம் என்றது? அதற்கு இந்த விபத்தைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.