லேடீஸ் டைம் 11 டூ 3

நேத்து நம்ம ஏரியா குரூப்ல நடந்த கூத்தைப் பாத்திருப்பீங்க. பாக்காதவங்க பாக்காமலே இருங்க, புண்ணியமாப் போகும்.

நான் கேட்டது ஒரே கேள்வி. மார்க்கெட் பக்கத்துல புதுசா வந்திருக்கற ஜிம்முல சேரலாமா, யாராச்சும் போறீங்களா? அவ்ளோதான். வந்த 40 பதில்ல ஒண்ணுகூட ஜிம்மைப் பத்தி இல்ல, எல்லாம் என்னைப் பத்தி. ‘ரெண்டு நாள் அம்மியில அரைங்க அக்கா, காசு மிச்சம்’னு ஒரு தம்பி. அதுக்கு 12 பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்காங்க. அதுல ஒருத்தன் என் கூடப் பொறந்தவன்.

சரி, காசுக்கே வரேன். மாசம் 1,200, வருஷத்துக்கு மொத்தமா கட்டினா 9,000. ‘இன்னைக்கே கட்டினா அட்மிஷன் ஃபீஸ் கிடையாது சிஸ்டர்’னான் கவுன்ட்டர் பையன். (ஜிம்முக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர்லயே 18லேருந்து 5 சதவீதம் ஆயிடுச்சு. பில்லுல இன்னும் 18 போட்டா விடாதீங்க.) காசு பிரச்சினையில்ல, நான் சம்பாதிக்கற காசு. பிரச்சினை செவுத்துல ஒட்டியிருந்த பேப்பர்: ‘லேடீஸ் டைம் 11 டூ 3’.

11 மணிக்கு நான் மண்ணடியில பில் போட்டுக்கிட்டிருப்பேன். காலைல தண்டையார்பேட்டையில மெட்ரோ ஏறினா, வீடு திரும்ப ராத்திரி ஏழரை. விடியக்காலம் ஆம்பளைங்களுக்கு, சாயங்காலத்துலேருந்து ராத்திரி வரைக்கும் ஆம்பளைங்களுக்கு. நடுவுல வெயில் மண்டையைப் பொளக்கற நேரம், ஏசியை அணைச்சுப் போட்டிருக்கற நேரம், அது எங்களுக்கு. எவனும் வராத நேரத்துக்கு ‘லேடீஸ் டைம்’னு பேர் வெச்சா அது சலுகையா?

பாதுகாப்புக்குத்தானே தனி டைம்னு கேப்பீங்க. ஒத்துக்கறேன். உட்கார்ந்து எழுந்திருக்கும்போது பின்னாடி எவன் நிக்கறான்னு பயந்துக்கிட்டே செய்ய முடியாது, தனி நேரம் வேணும்தான். அதைக் காலைல 6 டூ 7 குடுங்களேன். பாதுகாப்பு என்ன, மத்தியானத்துல மட்டும்தான் கடை திறக்குமா?

‘வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே’. இதுக்குப் பதில் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். லாரித் தண்ணிக்கு வரிசையில நின்னு, எத்தனை வருஷம் கொடம் தூக்கி மாடி ஏறியிருக்கேன். அதுல உடம்பு தேறுச்சா? ஒரே பக்க இடுப்புல வெச்சு வெச்சு முதுகுதான் போச்சு. முட்டி வலின்னு போனப்ப டாக்டரம்மா தெளிவா சொன்னாங்க: தொடைத் தசைக்கு வலு ஏத்துங்க, முட்டிக்குத் தாங்கு கிடைக்கும், மாதவிடாய் நிக்கற வயசுல எலும்பும் வலு கொறையும், வெயிட் தூக்குங்க. உலக சுகாதார நிறுவனமும் வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடங்கன்னு சொல்லிட்டு, அது போக ரெண்டு நாள் தசைக்குன்னு தனியா சொல்லுது. ‘வாக்கிங் போதாதா’ன்னு கேட்ட அங்கிள், உங்களுக்கும் இதான் பதில். எங்க நடக்கறது? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுலயா?

எங்கப்பாவுக்கு ஹார்பர்ல வேலை. சாயங்காலம் மொட்டைமாடியில கர்லாக்கட்டை சுத்துவாரு. தம்பிக்கு 7 வயசுலயே சின்னதா ஒரு கட்டை கடைஞ்சு வாங்கிக் குடுத்தாரு. தண்டால், பஸ்கி எல்லாம் அவனுக்குத்தான். நான் ஓரமா உக்காந்து எண்ணணும். ‘நூறு வந்துச்சாம்மா’ன்னு கேப்பாரு. ஒருநாள் நான் கட்டையைத் தூக்கிப் பாத்தேன். ‘வெச்சுடு, பொம்பளப்புள்ள கை காய்ச்சுப்போயிடும்’னாரு. அடுத்த நிமிஷமே கீழேருந்து அம்மா கூப்பிட்டாங்க, தண்ணி லாரி வந்துடுச்சுன்னு. அந்தக் கொடத்துல கை காய்க்காதாப்பா? அவரைக் குத்தம் சொல்லல, போய்ச் சேர்ந்துட்டாரு. ஆனா எண்ணி எண்ணியே எனக்கு 47 வயசாயிடுச்சு.

குரூப்ல சிரிச்ச என் தம்பி அதே ஜிம்முக்குத்தான் மூணு மாசமா போறான், காலைல 6 மணி பேட்ச். கவுன்ட்டர் பையன்தான் சொன்னான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.

சேரலாமா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல. ஞாயித்துக்கிழமை ஓனரைப் பாத்துக் காலை 6 டூ 7 கேக்கப்போறேன். ‘10 பேர் சேர்ந்தா யோசிக்கலாம் சிஸ்டர்’னு அந்தப் பையன் சொல்றான். இப்போ நான், கீழ் வீட்டு அக்கா, அவங்க மருமக, மூணு பேர். வர்றவங்க இன்பாக்ஸ்ல பேர் குடுங்க. குரூப்ல வேணாம், அங்க அம்மி ஓடிக்கிட்டிருக்கு.