“நான் ஜெபித்தால் உங்கள் கடவுள் கேட்பாரா?”

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அதைப் பெரிதாகப் பேசிக்கொண்டு திரிகிறவனும் இல்லை. ஒருநாள் இரவு அவனுடைய அம்மாவுக்கு மறுநாள் காலையில் இதய அறுவை சிகிச்சை என்று தகவல் வந்தது. ஊருக்குக் கிளம்பத் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தவன், என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்: “டேய், நான் ஜெபம் பண்ணினா உங்க கடவுள் கேட்பாரா?”

அப்போதுதான் நான் வாலிபர் கூட்டங்களில் தீவிரமாக இறங்கியிருந்தேன். எந்தக் கேள்விக்கும் ஒரு வசனம் கையில் இருந்தது. இதற்கும் இருந்தது. “பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்கிறதில்லைன்னு யோவான் 9:31-ல இருக்குடா. முதல்ல நீ மனந்திரும்பி அவரை ஏத்துக்கணும். அப்புறம்தான் ஜெபம்.”

அவன் “சரிடா” என்றான். பையின் ஜிப்பை இழுத்து மூடினான். போய்விட்டான்.

இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வாரம் ஒரு பிரசங்கத்தில் அதே வசனத்தை, நான் சொன்ன அதே உறுதியோடு ஒருவர் சொல்லக் கேட்டேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் அந்த வசனத்தையே எடுத்துக்கொள்வோம். அதைச் சொன்னது யார்? இயேசு சொல்லவில்லை. அப்போஸ்தலர் எவரும் சொல்லவில்லை. பிறவியிலேயே பார்வையில்லாமல் இருந்து, அன்றைக்குத்தான் கண் திறக்கப்பட்ட ஒரு மனிதன் சொன்னது. யூத மதத் தலைவர்களான பரிசேயர்கள் அவனைக் கூப்பிட்டு நிறுத்தி, உன்னைக் குணமாக்கியவன் ஒரு பாவி என்று அடித்துப் பேசுகிறார்கள். அவன் அவர்களுடைய கொள்கையையே எடுத்து அவர்களிடம் திருப்புகிறான். பாவிகளுக்குத் தேவன் செவிகொடுப்பதில்லை என்கிறீர்களே, அப்படியானால் அவர் எப்படி என் கண்களைத் திறந்தார்? இயேசுவுக்காக வாதாடும்போது வந்த வார்த்தை அது. யாருக்கும் கதவை அடைப்பதற்காகப் பேசியது இல்லை.

இன்னொன்றை நான் வெகுகாலம் கவனிக்காமலே இருந்தேன். அதைச் சொன்ன நேரத்தில் அந்த மனிதன் இன்னும் விசுவாசி ஆகவில்லை. சில வசனங்கள் தள்ளித்தான் இயேசு அவனைத் தேடி வந்து, தேவகுமாரனை விசுவாசிக்கிறாயா என்று கேட்கிறார். அவர் யார் என்று அவன் திருப்பிக் கேட்கிறான். விசுவாசத்துக்கு வெளியே நின்ற ஒருவனின் வார்த்தையை எடுத்து, வெளியே நிற்கிறவர்கள்மேல் நாம் எறிந்துகொண்டிருக்கிறோம்.

இது புதிய விளக்கமும் இல்லை. ஆதிச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் இந்த வசனத்துக்கு வந்தபோது, அவன் இன்னும் முழு வெளிச்சம் பெறாதவனாகப் பேசினான் என்றே சொன்னார். பாவிகளுக்குத் தேவன் செவிகொடுக்காவிட்டால், தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு “பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்” என்று கதறிய, வரி வசூலிக்கிற ஆயக்காரனின் ஜெபம் வீணாகத்தானே போயிருக்கும்? ஆனால் அவன்தான் நீதிமானாக வீடு திரும்பினான் என்கிறார் இயேசு. இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்வினாஸும் பாவியின் ஜெபத்தைப் பற்றிக் கிட்டத்தட்ட இதையே சொன்னார்: நல்ல விருப்பத்திலிருந்து வருகிற பாவியின் ஜெபத்தை தேவன் கேட்கிறார், அதற்கு அவனுடைய தகுதி காரணமில்லை, தம்முடைய சுத்த இரக்கத்தினால் கேட்கிறார். சபைச் சீர்திருத்தவாதி கால்வின் மிகக் கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். அவர்கூட 107-ஆம் சங்கீதத்தைக் காட்டி, விசுவாசத்தோடு ஏறாத கூக்குரலும் சில வேளை பலனில்லாமல் போவதில்லை என்று ஒப்புக்கொண்டார். இவர்களையெல்லாம் எனக்கு அன்று தெரியாது. ஒரு வசனம் தெரியும், அவ்வளவுதான்.

சரி, வசனத்தைத் தவறாக எடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வேதம் முழுவதும் என்ன காட்டுகிறது?

ஆகாரிடமிருந்து ஆரம்பிக்கலாம். எகிப்து தேசத்து அடிமைப்பெண். வாக்குத்தத்தம் பெற்ற ஆபிரகாமின் குடும்பத்தால் வனாந்தரத்துக்குத் துரத்தப்பட்டவள். தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டேன் என்று தள்ளி உட்கார்ந்து அழுகிறாள். அந்தப் பக்கத்தில் ஒரு ஜெபமும் எழுதப்படவில்லை. அழுகை மட்டும்தான். “தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார்” என்று ஆதியாகமம் 21 சொல்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் இஸ்மவேல். ‘தேவன் கேட்கிறார்’ என்பதுதான் அதற்கு அர்த்தம். வேதத்தில் இந்தப் பெயரை தேவன் கொடுத்தது வாக்குத்தத்தத்தின் பிள்ளையான ஈசாக்குக்கு அல்ல, வீட்டைவிட்டு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு. இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு என்னவோ செய்யும்.

சாலொமோன் எருசலேம் ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்த ஜெபத்தில், இஸ்ரவேல் அல்லாத அந்நியனுக்கென்று தனியாக ஒரு விண்ணப்பம் வைக்கிறார். அவன் தூர தேசத்திலிருந்து வந்து இந்த ஆலயத்துக்கு நேராக நின்று வேண்டிக்கொண்டால், பரலோகத்திலிருந்து கேட்டு, அவன் கேட்கிறபடியெல்லாம் செய்யும் என்கிறார். பிரதிஷ்டை செய்த அன்றே கதவைத் திறந்து வைத்துவிட்டார்கள்.

அப்புறம் யோனா, நினிவேக்குப் போகச் சொன்ன தேவனைவிட்டு ஓடிக் கப்பலேறிய தீர்க்கதரிசி. இதில் கொஞ்சம் நின்றுதான் போகவேண்டும். கடலில் பெரும் புயல். கப்பலில் இருந்தவர்கள் எல்லாரும் அவரவர் தேவர்களை நோக்கிக் கூப்பிடுகிறார்கள். உண்மையான தேவனை அறிந்த ஒரே ஆள் கீழ்த்தட்டில் தூங்குகிறான். விசுவாசியில்லாத மாலுமி வந்து தீர்க்கதரிசியை எழுப்பி, உன் தேவனை நோக்கி வேண்டிக்கொள் என்கிறான். முதல் அதிகாரம் முழுவதும் தேடிப் பாருங்கள், யோனா ஜெபித்ததாக ஒரு வார்த்தை கிடையாது. முடிவில் கர்த்தரை நோக்கி மன்றாடுவது அந்த மாலுமிகள்தான். இந்த மனிதனுடைய உயிருக்காக எங்களை அழித்துப்போடாதேயும் என்கிறார்கள். யோனாவைக் கடலில் போட்டதும் கடல் அமருகிறது.

பிறகு நினிவே. லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் ஜனங்கள் உள்ள பட்டணம், இஸ்ரவேலின் எதிரிகளின் பட்டணம். ராஜா சிங்காசனத்தைவிட்டு இறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். தேவனை உரத்துக் கூப்பிடுங்கள், ஒருவேளை அவர் மனஸ்தாபப்படுவார் என்று கட்டளை போடுகிறான். “ஒருவேளை” என்கிற அளவுக்குத்தான் அவர்களிடம் நம்பிக்கை இருந்தது. அதை தேவன் பார்த்தார். அதற்குக் கோபப்பட்டது யார்? தீர்க்கதரிசி. நீர் இரக்கமுள்ள தேவன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் நான் ஓடினேன் என்று முறையிடுகிறான். அவர்கள் ஜெபத்தை தேவன் கேட்டுவிட்டாரே என்ற கோபம் அது. அந்தக் கோபத்தின் ஒரு துளி அன்றைக்கு என்னிடமும் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். எனக்கு உரிய ஒன்றை, எந்தப் பிரயாசமும் இல்லாமல் அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற எண்ணம்.

1980-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், தென் பாப்டிஸ்ட் சபைகளின் தலைவராக இருந்த பெய்லி ஸ்மித், யூதருடைய ஜெபத்தை சர்வவல்ல தேவன் கேட்பதில்லை என்று பேசினார். பெரிய சர்ச்சையானது. யோவான்ஸ்நானனின் தகப்பன் சகரியாவும், குழந்தை இயேசுவைக் கைகளில் ஏந்திய சிமியோனும் யூதர்கள்தானே என்று அவரை மடக்குவது எளிது. ஆனால் இயேசுவை மேசியாவாக ஏற்காதவரின் ஜெபத்தை தேவன் எப்படிக் கேட்பார் என்பதே அவருடைய வாதம். அதைத்தான் சந்திக்க வேண்டும். அந்த வாதத்தை நேராகக் கொண்டுபோனால் அது கொர்நேலியுவின் வீட்டுச் சுவரில் முட்டி நிற்கும்.

கொர்நேலியு செசரியாவில் இருந்த ரோமப் பட்டாளத்து நூற்றுக்கு அதிபதி. இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை, பரிசுத்த ஆவியைப் பெறவில்லை. நீயும் உன் வீட்டாரும் இரட்சிக்கப்படுவதற்கு ஏதுவான வார்த்தைகளைப் பேதுரு சொல்லுவான் என்று தூதன் சொன்னதாக அப்போஸ்தலர் 11-இல் இருக்கிறது. அப்படியானால் அந்த நேரம்வரை அந்த வார்த்தைகள் அவனுக்கு வந்து சேரவில்லை. ஆனால் அதற்கு முன்பே தூதன் அவனிடம் சொன்னது இது: “உன் ஜெபங்களும் உன் தருமங்களும் தேவனுக்கு நினைப்பூட்டுதலாக அவர் சந்நிதியில் வந்தெட்டியிருக்கிறது.” ஜெபம் முதலில் போய்ச் சேர்ந்தது. சுவிசேஷம் அந்த ஜெபத்துக்குப் பதிலாக வந்தது. நான் என் நண்பனுக்குச் சொன்ன வரிசை நேர்மாறாக இருந்தது.

“அப்படியானால் விசுவாசம் எதற்கு? எல்லாரும் ஒன்றுதானா?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எல்லாம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. தேவனிடத்தில் சேருகிறவன் அவர் உண்டு என்றும், தம்மைத் தேடுகிறவர்களுக்குப் பலன் அளிக்கிறவர் என்றும் விசுவாசிக்க வேண்டும் என எபிரெயர் 11:6 தெளிவாகச் சொல்கிறது. அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் ‘இருக்கிறாரா இல்லையா தெரியவில்லை, இருந்தால் என் அம்மாவைக் காப்பாற்றும்’ என்று ஒருவன் வாய் திறந்துவிட்டால், அவனுக்குள் அந்த விசுவாசத்தின் கடுகளவு விதை விழவில்லை என்று யார் சொல்ல முடியும்? “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று ஒரு தகப்பன் இயேசுவிடமே அழுதான். பாதி நம்பிக்கை, பாதி அவநம்பிக்கை. அவன் பிள்ளை குணமானது.

கேட்கப்படுவது வேறு, பிள்ளையாவது வேறு. அடுத்த வீட்டுப் பிள்ளை இருட்டில் அழுதாலும் ஒரு நல்ல தகப்பன் எழுந்து ஓடுவான். அவனுடைய சொந்தப் பிள்ளைக்கோ அழ வேண்டிய அவசியம்கூட இல்லை, பக்கத்தில் படுத்திருக்கிறது. “அப்பா, பிதாவே” என்று கூப்பிடுகிற அந்த உரிமையை இயேசுவின் மூலமாகத்தான் பெற்றோம் என்று நான் முழு மனதோடு விசுவாசிக்கிறேன். அந்த உரிமை எனக்குக் கிடைத்ததால் வெளியே அழுகிறவனுக்கு அவர் காதை அடைத்துக்கொள்வார் என்று மட்டும் நம்ப மாட்டேன். தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறவர் அவர்.

நம் மொழியில் ‘கேள்’ என்ற ஒரே வினைக்கு இரண்டு வேலை. கேட்கிறவன் யாசிக்கிறவன். கேட்கிறவர் செவிசாய்க்கிறவர். “கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்” என்று தமிழில் வாசிக்கும்போது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு சொல்லின் தூரம்கூட இல்லை என்று எனக்குத் தோன்றும்.

இன்னொரு விஷயம், உண்மையில் எனக்கு அதிகமாக உறுத்துவது இதுதான். ஜெபம் கேட்கப்படாது என்று வேதம் எச்சரிக்கிற இடங்களைத் தேடி வாசித்தேன். அநேகமாக எல்லாமே உள்ளே இருக்கிறவர்களிடம் பேசுகிறது. “நீங்கள் மிகுதியாய் ஜெபம்பண்ணினாலும் கேளேன், உங்கள் கைகள் இரத்தத்தினால் நிறைந்திருக்கிறது” என்று ஏசாயா சொன்னது எருசலேமில் பண்டிகை தவறாமல் கொண்டாடியவர்களுக்கு. ஏழையின் கூக்குரலுக்குக் காதை அடைத்துக்கொள்கிறவன் தானே கூப்பிடும்போது கேட்கப்படமாட்டான் என்று நீதிமொழிகள் 21:13 சொல்கிறது. மனைவியைக் கனமாக நடத்துங்கள், உங்கள் ஜெபங்களுக்குத் தடை வராதபடிக்கு என்று பேதுரு எழுதியது விசுவாசிகளான கணவன்மாருக்கு. “என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்” என்று பாடினவன் ஆலயத்துக்குள் நின்றவன். ‘என்’ இருதயத்தில் என்கிறான், ‘அவன்’ இருதயத்தில் என்று சொல்லவில்லை. இந்த வசனங்களை நான் எத்தனை முறை மற்றவர்களைப் பார்த்து வாசித்திருக்கிறேன்!

நண்பனின் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இதை வைத்து நான் எதையும் நிரூபிக்கப் போவதில்லை. விசுவாசிகள் இராமுழுக்க ஜெபித்தும் இழந்த உயிர்கள் உண்டு. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று முறை வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை, “என் கிருபை உனக்குப் போதும்” என்ற பதில்தான் வந்தது. நினைத்தது நடந்ததா இல்லையா என்பதை வைத்து யாருடைய ஜெபம் கேட்கப்பட்டது என்று கணக்குப் பார்க்க முடியாது.

அந்த அறுவை சிகிச்சை அறையின் வாசலில் அவன் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். அங்கே அவன் ஜெபித்தானா, ஜெபிக்க நினைத்து, தனக்கு அந்த உரிமை இல்லை என்று நிறுத்திக்கொண்டானா? நான் கேட்டதில்லை. கேட்கப் பயமாக இருந்தது. அவன் இந்தப் பக்கம் வருவது உண்டு, என் பதிவுகளுக்கு எப்போதாவது ஒரு விருப்பக்குறி போடுவான்.

நண்பா, அன்று இரவு நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் தவறு. கேட்பார். உன் அம்மா எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.