சாமியாருக்குக் காலிஃபிளவர்

"எத்தனை யூரோ தேறிச்சு சாமி?" ஜெர்மனியிலிருந்து திரும்பிய வாரம் கோயில் வாசலில் ஒருவர் கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அங்கே கோடையில் பங்குத்தந்தைகள் விடுமுறைக்குப் போகும்போது, அவர்களுக்குப் பதிலாகப் பூசை வைக்க இங்கிருந்து போகிறவர்களைப் பற்றி ஊரில் இதுதான் பேச்சு. மேடைகளில் வேறு மாதிரி சொல்வார்கள்: அன்று வீரமாமுனிவர் இத்தாலியிலிருந்து வந்தார், இன்று நாம் போகிறோம் என்று. அதிலும் எனக்குப் பெருமை ஒன்றும் தெரியவில்லை. 2022இல் மட்டும் ஜெர்மனியில் 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு முறைப்படி விலகினார்கள். 2024இல் நாடு முழுக்கக் குருப்பட்டம் பெற்றவர்கள் முப்பதைத் தொடவில்லை. ஆள் இல்லாத இடத்தில் போய் நின்றேன், அவ்வளவுதான்.

சொல்ல வந்தது ஆகஸ்டு 15ஐப் பற்றி. பவேரியாவில் கத்தோலிக்கர் அதிகமுள்ள ஊர்களில் மாதா விண்ணேற்புக்கு அரசு விடுமுறை. எனக்கு இரண்டு கோயில்கள், எட்டரைக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. கார் ஓட்டியது, பூசைக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைக்கும் கோயில்பிள்ளை. எழுபதைத் தாண்டிய அம்மா. என் பிரசங்கத்தை முந்தின நாளே வாங்கி, பெரிய எழுத்தில் அச்சடித்து, எந்த அசையை அழுத்த வேண்டுமோ அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். பூசை உடுப்பு மாட்டும் அறையில் நிற்க வைத்து இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். ஈக்கும் ஊவுக்கும் நடுவே ஓர் ஒலி இருக்கிறதே, அது வரும்வரை விடவில்லை.

ஊரே மூலிகைக் கட்டோடு வந்திருந்தது. நடுவில் மஞ்சள் பூவோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு, சுற்றிலும் சீமைச் சாமந்தி, இன்னும் பெயர் தெரியாத தழைகள். மந்திரித்து வீட்டில் வைத்துக்கொள்வார்கள். இடி மின்னல் வந்தால் ஒரு கிள்ளு எடுத்து அடுப்பில் போடுவதும் உண்டாம். நாம் குருத்தோலையைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைக்கிற மாதிரிதான். தீர்த்தம் தெளித்துக்கொண்டே போகையில் ஒரு கட்டிலிருந்து மரிக்கொழுந்து வாசம் வந்தது. அதே குடும்பத்துச் செடியாம். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

மதியம் ஒரு வீட்டில் விருந்து. பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். எல்லார் தட்டிலும் பன்றி ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கு உருண்டையும், என் தட்டில் மட்டும் காலிஃபிளவர். இந்தியர்கள் கறி சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ சொல்லி, அந்த வீட்டுப் பாட்டி எனக்கென்று தனியாகச் செய்திருக்கிறார். பாதி சாப்பிட்ட பிறகு, நான் எல்லாம் சாப்பிடுவேன் என்று மெதுவாகச் சொன்னேன். ஒரு நொடி யாரும் பேசவில்லை, அப்புறம் மேசையே சிரித்தது. பாட்டி மட்டும் சிரிக்காமல் பெரிய துண்டாக இரண்டு எடுத்து வைத்தார். காலிஃபிளவரையும் மிச்சம் வைக்க விடவில்லை.

சாயங்காலம் படுக்கையில் இருந்த மூன்று பேருக்கு நற்கருணை, ஒவ்வொரு வீட்டிலும் காபி, பிளம்ஸ் கேக். மூன்றாவது வீட்டில் கேக்கைப் பார்த்ததும் பயமே வந்துவிட்டது.

அன்று ராத்திரி எனக்குத் திருப்பூர்தான் நினைவில் ஓடியது. என் பங்கில் ஞாயிறு காலைப் பூசைக்கு பனியன் கம்பெனிப் பிள்ளைகள் முப்பது நாற்பது பேர் வருகிறார்கள். ஜார்க்கண்டின் சிம்டேகா, ஒடிசாவின் சுந்தர்கட் பக்கம். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். திருவிழா வரி வாங்க மட்டும் நம் ஆட்கள் அவர்கள் ரூம் வரை தேடிப் போனார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டதில்லை. காலிஃபிளவரா கறியா என்று யோசிக்கவாவது அந்தப் பாட்டிக்குத் தோன்றியது. நாங்கள் தட்டே வைக்கவில்லை. மொழி தெரியாது என்று இதற்குச் சாக்கு சொல்ல முடியாது. எனக்கு ஜெர்மன் தெரிந்த லட்சணம் அந்தக் கோயில்பிள்ளை அம்மாவுக்குத் தெரியும்.

"நம்ம ஜனங்களுக்கே இடம் பத்தல சாமி" என்கிறார் பங்குப் பேரவையில் ஒருவர். சரி, அவர்கள் யார் ஜனங்கள்?

வருகிற ஞாயிறு முதல் வாசகம் இந்தியில். வாசிக்கப் போகிற பையன் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து ஒத்திகைக்கு வருகிறேன் என்றிருக்கிறான். பெரிய எழுத்தில் அச்சடித்து வைத்துவிட்டேன். எங்கள் கோயில்பிள்ளைதான் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.