ஆறு மணி நேரம்தான், கிராணி அண்ணே!

(இடம்: மலேசியாவின் பந்திங் பட்டணத்தில் ஒரு கோப்பிக் கடை. சனிக்கிழமை பின்னேரம். மணியம், எஸ்டேட் ஆபிசில் 31 வருடம் செக்ரோல் என்ற ஆள் பேர்ப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற கிராணி, அதாவது குமாஸ்தா. சட்டைப் பையில் இன்னும் இரண்டு பேனா, அதில் ஒன்று சிவப்பு. தங்கராசு, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். மீதி நேரத்தில் கடலில் தூண்டில் போடுபவர். எது மீதி நேரம் என்பதில் அவருக்கும் முதலாளிக்கும் நெடுநாள் தகராறு.)

தங்கராசு: அண்ணே, நாளைக்குப் படகுல ஒரு ஆளு குறையுது. வந்துடுங்க. ஆளுக்கு 80 வெள்ளி. மீனுக்குப் போடுற உம்பான், ஐஸ் எல்லாம் அதுலயே அடக்கம்.

மணியம்: வர்றேன் தம்பி. ஆனா உங்க அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கா. மொத்தம் எத்தனை மணி நேரம்?

தங்கராசு: ஆறு மணி நேரம்தாண்ணே.

மணியம்: நல்லதாப் போச்சு. நாளைக்கு அவ அண்ணன் கிள்ளான்லேருந்து சாப்பிட வர்றாரு. பன்னெண்டரைக்கு நான் வீட்டுல இருக்கணும். காலையில ஆறுக்குப் போனா பன்னெண்டுக்கு வந்துடலாம்.

(தங்கராசு கோப்பியை ஊதுகிறார். அது ஆறிப்போய்ப் பத்து நிமிடம் ஆகிறது.)

மணியம்: என்ன, ஊதிக்கிட்டே இருக்கே?

தங்கராசு: ஆறு மணி நேரம்னு நான் சொன்னது தூண்டி தண்ணிக்குள்ள கெடக்குற நேரம்ணே.

மணியம்: மத்த நேரம்?

தங்கராசு: அதெல்லாம் கணக்குல வராது.

(ஒரு கிராணியிடம் சொல்லக் கூடாத வார்த்தை. மணியம் பையிலிருந்து ஒரு பழைய கரண்டு பில்லை எடுத்து, பின்பக்கத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.)

மணியம்: எங்க ஆபிசுல கணக்குல வராத நேரம்னு ஒண்ணு கெடையாது. சொல்லு. பெரட்டு, ஆளு கூடுறது, எத்தனை மணிக்கு?

தங்கராசு: மூணு மணிக்கு உங்க வீட்டு வாசல்ல ஹாரன் அடிப்பேன்.

மணியம்: விடியக்காலை மூணா? ரப்பர் மரத்துல பால் வெட்டுறவனே அஞ்சரைக்குத்தான்டா பெரட்டுக்கு வருவான்!

தங்கராசு: நாலு பேரை நாலு தாமான் குடியிருப்புல போய் ஏத்தணும்ணே. அதுல ஒருத்தன் எழுந்திரிக்கவே மாட்டான். நாம அடிக்கிற ஹாரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்தான் வெளிய வருவாரு. போன மாசம் அவரையே கூட்டிக்கிட்டுப் போயிட்டோம். அப்புறம் ரொட்டி சானாய், ஒரு முக்கா மணி.

மணியம்: ரெண்டு ரொட்டிக்கு முக்கா மணியா?

தங்கராசு: ரொட்டிக்குப் பத்து நிமிசம். போன தடவை தப்பிச்ச மீனைப் பத்திப் பேச முப்பத்தஞ்சு.

மணியம்: (எழுதிக்கொண்டே) தப்பிச்ச மீன், முப்பத்தஞ்சு நிமிசம். அடுத்து?

தங்கராசு: அஞ்சுக்குப் படகுத் துறை ஜெட்டி. அஞ்சரைக்குப் படகு எடுத்துடணும். அதுல மட்டும் விளையாட்டு கெடையாது.

மணியம்: ஏன், படகு ஓட்டுற தெக்கோங் கோவக்காரனா?

தங்கராசு: தெக்கோங் தங்கமான மனுசன். தண்ணிதான் கோவக்காரி. இந்தப் பாருங்க.

(போனை எடுத்து ஓத அட்டவணையைக் காட்டுகிறார். கண்ணாடியில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கிறது. எந்த மாதத்துச் செதிலோ.)

தங்கராசு: நாளைக்குக் காலையில ஏழரைக்குப் பாசாங், தண்ணி நெறஞ்சு நிக்கும். அங்கேருந்து ஆறு மணி நேரம் பன்னெண்டு நிமிசம், ஏறக்கொறைய பகல் ஒண்ணே முக்காலுக்கு முழுசா வத்திடும். மறுபடி ஏறி ராத்திரி எட்டுக்கு நெறையும். நம்ம பக்கம் பௌர்ணமி அமாவாசைக்குத் தண்ணி ஏறி எறங்குற ஒசரம் 4 மீட்டர் வரும்ணே. உங்க எஸ்டேட் வீட்டுக் கூரையில ஏறி நின்னாத்தான் அந்த ஒசரம். ஏழரைக்குப் படகு மெதக்குற எடத்துல பகல்ல சேத்து மேல பெலாச்சாக் மீனு நடந்து போகும்.

மணியம்: அப்போ பகல்ல ஜெட்டிக்குத் திரும்பினா?

தங்கராசு: ஜெட்டி இருக்கும், காலு தெரியும். தண்ணிதான் இருக்காது. நடுவுல அம்பது அடிக்குச் சேறு. மறுபடி வாய்க்கால்ல தண்ணி ஏறினாத்தான் உள்ள நொழைய முடியும். அதுக்கு அஞ்சு மணி ஆயிடும்.

மணியம்: காலையில அஞ்சரை... சாயங்காலம் அஞ்சு. (சிவப்புப் பேனாவை எடுக்கிறார்.) பதினொன்றரை மணி நேரம் படகுல! நீ ஆறுன்னு சொன்னே.

தங்கராசு: ஒன்பதரைக்குள்ள திரும்பினா உள்ள வந்துடலாம்ணே. ஆனா ஒன்பதரைக்கு எவனும் திரும்ப மாட்டான்.

மணியம்: ஏன்?

தங்கராசு: காலையில மீன் கடிச்சா, இன்னும் கடிக்கும்னு இருப்பான். கடிக்கலைன்னா, இனிமேதான் கடிக்கும்னு இருப்பான்.

மணியம்: நாள் பூரா கடிக்குமா?

தங்கராசு: அது எப்படிண்ணே? பால் மரம் நாள் பூரா வடியுமா?

(மணியம் பேனாவைக் கீழே வைக்கிறார். இது அவருக்குப் புரிகிற பாஷை.)

மணியம்: வடியாது. வெடியக்காலை குளிர்ல வெட்டினாத்தான் பால் நல்லா ஓடும். வெயில் ஏறினா கோடு காஞ்சிடும்.

தங்கராசு: அதேதான். தண்ணி நெறையுற நேரம், திரும்புற நேரம், அப்பத்தான் மீன் எரை எடுக்கும். நாளைக்கு ஏழுலேருந்து எட்டேகால் வரைக்கும் ஒரு கடி. அதுக்கப்புறம் தண்ணி வேகமா எறங்கும் பாருங்க, லாடோங் ஈயக்குண்டு போட்டா அடியில நிக்காது. ஆறு அவுன்சு ஈயத்தையே உருட்டிக்கிட்டுப் போகும். மத்தியானம் ஒண்ணேகாலுக்குத் தண்ணி நிதானமாகும். அப்ப ஒரு மணி நேரம் கடி.

மணியம்: ஒண்ணேகால் மணியும் ஒரு மணியும் ரெண்டேகால். நடுவுல அஞ்சு மணி நேரம் என்ன பண்ணுவீங்க?

தங்கராசு: மெகி சாப்பிடுவோம். தூங்குவோம். ஒருத்தன் பாட்டுப் போடுவான், இன்னொருத்தன் மீனு ஓடிடும்பான், அதுல ஒரு அரை மணி சண்டை.

மணியம்: பௌர்ணமி போய் ரெண்டு நாள்தானே ஆகுது? தண்ணி வேகமா ஓடும்னு நீயே சொல்றே. தண்ணி அதிகம் ஓடாத ஆயர் மாத்தியில போனா என்ன?

தங்கராசு: நல்ல தண்ணி அடுத்த வாரம்தாண்ணே. லீவு இந்த வாரம்தான்.

மணியம்: சரி, அந்த ரெண்டேகால் மணியாவது முழுசா மீன் புடிப்பீங்களா?

தங்கராசு: புடிக்கிறது என்ன... உம்பான் மாத்தணும். உம்புன் உம்புன் புழு இருக்கே, ஈரமா வழவழன்னு, அதைத் தலையில குத்தி தூண்டி முள்ளு மேல ஜாக்கெட்டு மாட்டுற மாதிரி ஏத்தணும். பாதியில அறுந்தா மறுபடி. படகு ஆடுது, கையில புழு, வாயில நூலு. அதுல துரிக் கெளுத்தி மாட்டிடும்.

மணியம்: துரியா? அது முள்ளு குத்துமே!

தங்கராசு: குத்தினா கை தோள் வரைக்கும் கடுக்கும்ணே. பொறுக்குற அளவு சுடுதண்ணியில கையை முக்கி வெச்சா வலி கொறையும். மெகிக்குக் கொதிக்க வெச்ச தண்ணியைப் பச்சைத் தண்ணி ஊத்தி ஆத்தி வெச்சா அதுக்கும் ஆகும். அதனாலதான் அடுப்பு எடுத்துக்கிட்டுப் போறது.

மணியம்: துரி கழட்ட அரை மணி கழிச்சுக்கிறேன்.

தங்கராசு: நாலு பேரு நூலும் ஒண்ணா சிக்கிக்கும். அதுக்கு ஒரு இருபத்தஞ்சு நிமிசம் போட்டுக்குங்க.

மணியம்: (கூட்டிக் கழித்து) ஒரு மணி இருபது நிமிசம். அவ்வளவுதான் நெஜமா மீன் புடிக்கிறது. செக்ரோல்ல அரை நாள் பேருகூட போட முடியாது தம்பி. அப்புறம்?

தங்கராசு: அஞ்சுக்கு ஜெட்டி. படகு கழுவி, மீனைப் பங்கு போட ஒரு மணி நேரம்.

மணியம்: போன தடவை எத்தனை மீனு?

தங்கராசு: துரி மூணு, செம்பிலாங் ஒண்ணு, ஒரு கிலோ இருநூறு கிராம்ல சியாகாப் ஒண்ணு.

மணியம்: அஞ்சு மீனைப் பங்கு போட ஒரு மணி நேரமா?

தங்கராசு: சியாகாப் ஒண்ணுதானேண்ணே.

மணியம்: நியாயம். அப்புறம்?

தங்கராசு: ஒரு தே தாரிக். ஏழரைக்கு உங்க வீடு. அதுக்கு மேல ஜோரான் கம்பு, ரீலு எல்லாம் நல்ல தண்ணியில கழுவி வெக்கணும். உப்பு உட்கார்ந்தா ரீலு போச்சு. எட்டேகால்.

(மணியம் கோடு போட்டுக் கூட்டுகிறார்.)

மணியம்: மூணு மணிலேருந்து எட்டேகால் வரைக்கும் பதினேழேகால் மணி நேரம். இன்னைக்கு உம்பான் வாங்கவும் கட்டு முடியவும்?

தங்கராசு: உம்பான் கடையில ரெண்டு மணி. ராத்திரி தூண்டி முள்ளு கட்ட ரெண்டு.

மணியம்: மொத்தம் இருபத்தொண்ணேகால்! தம்பி, இப்ப குறைஞ்ச சம்பளம் மாசம் 1,700 வெள்ளி. மணிக்கு 8 வெள்ளி 72 காசு. இருபத்தொண்ணேகால் மணிக்கு 185 வெள்ளி 30 காசு. உன் 80-ஐயும் சேர்த்தா 265 வெள்ளி 30 காசு. ஓவர்டைம் நான் இன்னும் போடவே இல்லை. என் பங்குக்குக் கெடைக்கப்போறது என்ன?

தங்கராசு: (தயங்கி) துரி ஒண்ணு தரலாம்ணே.

மணியம்: நான் வரலை. பன்னெண்டரைக்கு வீட்டுல இருந்தாகணும்.

(அந்த நேரம் பார்த்து மணியத்தின் போன் அடிக்கிறது. பேசுவது அண்ணி. எதிர்ப்பக்கத்துக் குரல் கோப்பிக் கடைக்கே கேட்கிறது. எதிர் மேசைச் சீனக் கிழவர்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.)

மணியம்: ம். ...ம். ...மச்சான் மட்டும் இல்லையா? ...யாரு அது, அவரைச் சேர்த்துவிட்ட மேல் ஆளு? ...தண்ணி வடிகட்டுற மெஷினா? போன தடவைதான் மூணு மணி நேரம் படம் போட்டுக் காட்டினாரே. ...இப்ப புது மாடலா. ...3,800 வெள்ளி. ...நான் ஆறு பேரைச் சேர்த்துவிட்டா எனக்கு இலவசமா. ...சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்களா? ...ராத்திரிச் சாப்பாடும் இங்கதானா. ...ம். ஒன்பது மணி ஆயிடும்.

(போனை வைக்கிறார். கொஞ்ச நேரம் கரண்டு பில்லையே பார்க்கிறார்.)

தங்கராசு: சரிண்ணே, நான் வேற ஆளு பாத்துக்கிறேன்.

மணியம்: உட்காரு. எட்டேகாலுக்குன்னு சொன்னே. அதுக்கு மேல லேட் ஆகுறதுக்கு வாய்ப்பு உண்டா?

தங்கராசு: சேத்துல மாட்டினா உண்டு.

மணியம்: எங்க சேத்துல?

தங்கராசு: நம்ம கரை பூரா சேறுதானேண்ணே. இங்க மோரிப் கடற்கரையில 1945 செப்டம்பர் 9-ஆம் தேதி வெள்ளைக்காரன் பட்டாளம் எறங்கினப்போ என்ன ஆச்சு? ஜப்பான்காரன் அதுக்கு முன்னாடியே சரண்டர் ஆயிட்டான், சுட ஒரு ஆளு இல்லை. அப்படியும் வண்டி வண்டியா சேத்துல பொதைஞ்சு போச்சு.

மணியம்: எங்கப்பா சொல்லியிருக்காரு. அது கெடக்கட்டும். படகு மாட்டினா எவ்வளவு நேரம்?

தங்கராசு: அது எப்ப மாட்டுறோம்கிறதைப் பொறுத்தது. தண்ணி எறங்கும்போது எவ்வளவு சீக்கிரம் மாட்டுறோமோ, அவ்வளவு லேட்டாத்தான் மெதப்போம். போன வருசம் இதே மாதிரி ஏழரைப் பாசாங்ல எட்டரைக்கே ஒரு மேட்டுல ஏறி உட்கார்ந்துட்டோம். தண்ணி அந்த மட்டத்துக்கு மறுபடி ஏற சாயங்காலம் ஏழு ஆயிடுச்சு. எறங்கித் தள்ளவும் முடியாது, இடுப்பு வரைக்கும் இழுத்துக்கும்.

மணியம்: எட்டரைலேருந்து ஏழு. பத்தரை மணி நேரம். (சிவப்புப் பேனா நிதானமாக நகர்கிறது.) ஏழுக்கு மெதந்தா வீட்டுக்கு?

தங்கராசு: பத்து ஆயிடும்ணே. அன்னைக்கு என் பொண்டாட்டி போலீசுக்கே போயிட்டா.

மணியம்: போன் லைன் கெடைக்குமா அங்க?

தங்கராசு: ஒரு கோடுகூட வராது.

(மணியம் கரண்டு பில்லை நான்காக மடித்துப் பையில் வைக்கிறார். 80 வெள்ளியை எண்ணி மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்கக் கோப்பிக் குவளையை அதன்மேல் நிறுத்துகிறார்.)

மணியம்: தம்பி, அந்த மேடு எங்க இருக்குன்னு தெக்கோங்குக்குத் தெரியுமா?

தங்கராசு: நல்லாத் தெரியும்ணே. அதுலேருந்துதான் எப்பவும் சுத்திப் போவாரு.

மணியம்: நாளைக்குச் சுத்திப் போக வேணாம்னு சொல்லு.