கழுதையை விட்டுவிட்டு எழுதிய நாகரிக வரலாறு

நாகரிகத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரை, வேளாண்மை, நகரம், எழுத்து, அரசு என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டே போகிறார்கள். "மனிதன் ஆடு மாடுகளைப் பழக்கினான்" என்ற ஒற்றை வாக்கியத்தில் தலைகாட்டும் விலங்குகள், அடுத்த பத்தியிலேயே காணாமல் போய்விடுகின்றன. பிரமிடைக் கட்டிய தொழிலாளியின் பெயர் ஏன் வரலாற்றில் இல்லை என்று கேட்கப் பழகிவிட்ட நாம், அந்தத் தொழிலாளிக்குத் தானியம் சுமந்து வந்தது யார் என்று இன்னும் கேட்பதில்லை. விலங்கை உணவாகவோ தெய்வமாகவோ செல்லப்பிராணியாகவோ பார்ப்பதற்கு முன் உழைப்பாளியாகப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

கழுதையிலிருந்தே தொடங்கலாம். ஆப்பிரிக்காவின் காட்டுக்கழுதையிலிருந்து ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் வீட்டுக்கழுதை உருவாயிற்று என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன. எகிப்தின் அபிடோஸில், முதல் அரசர்களின் காலத்தைச் சேர்ந்த ஒரு சவ அடக்க வளாகத்தை ஒட்டிச் செங்கல் அறைகள் கட்டி, அவற்றுக்குள் பத்துக் கழுதைகளை முழு உடலாகப் புதைத்திருந்தார்கள். சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்த எலும்புக்கூடுகளை ஆராய்ந்தபோது, உருவத்தில் அவை இன்னும் காட்டுக்கழுதையை ஒத்திருந்தன; ஆனால் முதுகெலும்பிலும் மூட்டுகளிலும் தொடர்ந்து பாரம் சுமந்ததன் தேய்மானம் தெளிவாகப் பதிந்திருந்தது. வளர்ப்பு விலங்குக்குரிய உடல்வாகு வருவதற்கு முன்பே முதுகு தேய்ந்துவிட்டது என்றால், முதலில் வந்தது வேலைதான். உயர்குடியினருக்குச் செய்யும் மரியாதையோடு அவை புதைக்கப்பட்டன என்பதைச் சிலர் நெகிழ்ந்து சொல்வார்கள். அரசனுக்கு மறுமையிலும் சுமை தூக்க ஆள் வேண்டியிருந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு ஆயிரம் ஆண்டுகள் கழித்து, டைகிரிஸ் கரையிலிருந்த அசூர் நகரத்து வணிகர்கள் இன்றைய துருக்கியிலுள்ள கனேஷ் வரை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தூரம் தகரத்தையும் துணியையும் கழுதைகளின் முதுகில் ஏற்றிச் சென்றார்கள். அவர்கள் விட்டுச்சென்ற களிமண் கடிதங்களும் கணக்குகளும் 20,000-க்கும் மேல் கிடைத்துள்ளன. கழுதையின் விலையும் தீவனச் செலவும்கூட அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. போய்ச் சேர்ந்ததும் சரக்கோடு சேர்த்துக் கழுதைகளில் பெரும்பாலானவற்றையும் விற்றுவிடுவார்கள். திரும்பும்போது கையில் இருப்பது வெள்ளியும் பொன்னும் மட்டுமே என்பதால் அத்தனை முதுகுகள் தேவைப்படவில்லை.

அந்தக் காலத்துச் சட்டம் இந்த உழைப்பை நன்றாகவே அறிந்திருந்தது. பாபிலோனிய அரசன் ஹம்முராபியின் சட்டத் தொகுப்பு சுமார் 3,750 ஆண்டுகள் பழையது. வாடகைக்கு எடுத்த எருதின் கண்ணைக் கெடுத்தவன் அதன் விலையில் பாதியைக் கொடுக்க வேண்டும். கொம்பை உடைத்தாலோ வாலை அறுத்தாலோ விலையில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். காலை முறித்தால் எருதுக்கு எருது. வெட்டவெளியில் சிங்கம் அடித்துக் கொன்றுவிட்டால் நட்டம் உரிமையாளனுடையது. முட்டும் மாடு என்று ஊரார் எச்சரித்த பிறகும் கொம்பை மழுக்காமலும் கட்டுப்படுத்தாமலும் விட்டு, அது ஒரு குடிமகனைக் குத்திக் கொன்றால் முப்பது ஷெக்கல் (அக்காலத்து எடையளவு) வெள்ளி அபராதம். இவற்றில் எருதின் மீது இரக்கம் ஒரு துளியும் இல்லை. எல்லாம் உடைமையாளனின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டவை. ஆனாலும் கண்ணுக்கும் கொம்புக்கும் காலுக்கும் தனித்தனியே விலை வைத்தவர்கள், அந்த உடலின் ஒவ்வோர் உறுப்பும் எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு மறுப்புரை வழக்கமாக வரும். விலங்குகள் பாதுகாப்புக்கும் தீனிக்கும் ஈடாகத் தாமாகவே மனிதனோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன என்பார்கள். நாயின் விஷயத்தில் இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஜெர்மனியின் பான் நகருக்கு அருகே 1914-இல் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியில் ஓர் ஆண், ஒரு பெண் ஆகியோருடன் ஒரு நாய்க்குட்டியும் இருந்தது. கடும் நோயால் பல வாரங்கள் அவதிப்பட்டு, எந்த வேலைக்கும் உதவாத நிலையிலும் யாரோ ஊட்டிப் பராமரித்ததால்தான் அது அத்தனை நாள் உயிரோடு இருந்தது என்பதைப் பற்கள் காட்டுகின்றன. ஆனால் நாயை முன்னிறுத்தி நுகத்தடியை நியாயப்படுத்துவது முறையல்ல. காயடிக்கப்பட்டு ஏரில் பூட்டப்பட்ட காளை எந்த உடன்பாட்டில் கையெழுத்திட்டது?

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. விலங்கின் உழைப்பு இல்லாமலும் பெரிய நாகரிகம் எழும் என்பதற்கு அமெரிக்கக் கண்டங்களே சாட்சி. குதிரை இனம் அங்கே தோன்றியிருந்தும், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவரும் வரை அங்கே குதிரை இல்லை, மாடும் இல்லை. ஆண்டிஸ் மலைப்பகுதியில் லாமா ஓரளவு சுமை தூக்கியதே தவிர, ஏர் இழுக்கவில்லை. மெக்சிகோவில் சக்கரம் பொருத்திய சிறு மண் உருவங்கள் செய்யத் தெரிந்திருந்தும், வண்டி உருவாகவில்லை. ஆஸ்டெக்குகளின் தலைநகரமான டெனோச்டிட்லானுக்குத் தானியமும் கல்லும் ஏரியில் படகு வழியாகவும், நிலத்தில் நெற்றிப்பட்டை கட்டிய மனிதச் சுமையாளர்களின் முதுகிலும் வந்து சேர்ந்தன. ஆகவே விலங்கு இல்லையென்றால் நாகரிகமே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலங்கு இல்லாத இடத்தில் அதே பாரம் ஏழை மனிதனின் கழுத்தில் இறங்கியது என்பதைத்தான் அந்த நகரம் காட்டுகிறது.

நீராவி வந்ததும் விலங்கின் காலம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்கள் 1872-ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். அந்த இலையுதிர்காலத்தில் கனடாவின் டொராண்டோ பகுதியில் தொடங்கிய குதிரைக் காய்ச்சல் சில மாதங்களில் வட அமெரிக்காவின் பெரும்பகுதிக்குப் பரவியது. இறந்தவை சிலவே, ஆனால் இருமிக்கொண்டு நின்ற குதிரைகளால் வண்டி இழுக்க முடியவில்லை. டிராம்கள் நின்றன. துறைமுகங்களில் சரக்கு தேங்கியது. ரயில் ஓடினாலும், நிலையத்துக்குச் சரக்கைக் கொண்டுவரவும் அங்கிருந்து எடுத்துச்செல்லவும் குதிரைதான் வேண்டியிருந்தது. தெருவில் மனிதர்களே வண்டிகளை இழுத்தார்கள். நவம்பர் 9 அன்று இரவு பாஸ்டன் நகரில் தீப்பிடித்தபோது, தீயணைப்பு எந்திரங்களையும் ஆட்கள் கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள். அந்தத் தீயில் 776 கட்டடங்கள் எரிந்தன. தண்ணீர்க் குழாய்களின் போதாமையும் மரத்தாலான மேற்கூரைகளும் அந்த அழிவுக்குப் பெரிய காரணங்கள் என்பதால், எல்லாவற்றையும் குதிரையின் தலையில் போடக்கூடாது. ஆயினும் ரயிலும் தந்தியும் வந்துவிட்ட ஒரு நாட்டின் அன்றாட வாழ்க்கை, குதிரையின் மூச்சுக்குழாயில் வந்த ஒரு நோயால் நின்றுபோயிற்று என்பது சிறிய செய்தி அல்ல.

பிறகு கார், டிராக்டர்களை ஓட்டும் உள்ளெரி எந்திரம் வந்தது. முதல் உலகப்போரில் ஏறத்தாழ 80 லட்சம் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் செத்தன. அமெரிக்காவில் அந்தப் போர்க்காலத்தில் இரண்டரைக் கோடியைத் தாண்டியிருந்த இவற்றின் தொகை 1960 வாக்கில் சுமார் 30 லட்சமாகச் சுருங்கியது. வேலை போனதும் உழைப்பாளிகள் இனப்பெருக்கம் செய்யப்படவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் விலங்குகளை நாம் சார்ந்திருப்பது குறையவில்லை. 2018-இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகிலுள்ள பாலூட்டிகளின் மொத்த உயிர்நிறையில், அதாவது எல்லா உடல்களின் கூட்டு எடையில், சுமார் 60 விழுக்காடு கால்நடைகள். 36 விழுக்காடு மனிதர்கள். காட்டு விலங்குகள் எல்லாம் சேர்ந்து 4 விழுக்காடு. அபிடோஸ் காலத்து மனிதன் கழுதையைத் தினமும் கண்ணால் பார்த்தான், அதன் முதுகுப் புண்ணுக்கு மருந்திட்டான் அல்லது இடாமல் விட்டான். எதுவானாலும் அது அவன் எதிரில் நடந்தது. இன்று பெரும்பாலான கால்நடைகள் நாம் பார்க்காத கொட்டகைகளில் பிறந்து, பார்க்காத இடத்தில் வெட்டப்படுகின்றன. நுகத்தடிக் காலத்துக்கு நான் ஏங்கவில்லை. அது கொடுமை நிறைந்த காலம். ஆனால் கொடுமை குறைந்துவிட்டது என்று சொல்ல, முதலில் அது கண்ணில் பட வேண்டும்.

விலங்கின் உழைப்பும் எல்லா இடத்திலும் முடிந்துவிடவில்லை. ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் தண்ணீரும் விறகும் விளைச்சலும் இன்றும் கழுதையின் முதுகில்தான் வீடு வந்து சேர்கின்றன. தோலுக்காக, அதாவது அதைக் காய்ச்சி எடுக்கும் பசையைச் சீன மருந்துப் பொருளாக விற்பதற்காக, கழுதைகள் பெருவாரியாகக் கொல்லப்பட்டபோது, அந்தச் சுமை பெண்களின் தலைக்கும் பள்ளிக்குப் போக வேண்டிய குழந்தைகளின் தோளுக்கும் மாறியது. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உச்சிமாநாடு, தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. அந்த முடிவுக்குப் பின்னால் இரக்கம் இருந்ததோ இல்லையோ, ஒரு கழுதை செத்தால் அதன் வேலை யார் மீது விழும் என்ற கணக்கு இருந்தது. நம் வரலாற்றுப் பாடநூல்கள் இதுவரை போடாத கணக்கு அது.