என் இலையை நான் பார்த்துக்கொள்கிறேன்

கருங்கல் ஊரில் நடந்த மறுவீட்டு விருந்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அன்றிலிருந்து சொந்தக்காரர்களெல்லாம் ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டு, "மாமி உன் நல்லதுக்குத்தானே சொன்னாங்க" என்று எனக்கே வகுப்பெடுக்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன். அங்கே இருந்தவர்களுக்கு முழுக் கதையும் தெரியும். பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி "அவளுக்கு மீன் வைக்காதடே, சொறி கூடும்" என்று மாமியின் குரல் வந்தது. பரிமாற வந்த பையன் கரண்டியோடு நின்று என் முழங்கையைப் பார்த்தான். நெய்மீன் அடுத்த இலைக்குப் போய்விட்டது.

முதலில், எனக்கு இருப்பது சொறி இல்லை, சோரியாசிஸ். சாதாரணமாகத் தோலின் மேல்செல் உருவாகி உதிர ஒரு மாதம் போல ஆகும். எங்களுக்கு அது சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது, அதனால்தான் செதில் செதிலாக ஏறி நிற்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறித் தோலைத் தூண்டிவிடுவதால் வருவது. பரம்பரைக்கும் அதில் பங்கு உண்டு. என் நாக்கு செய்த குற்றம் இல்லை. இது தொற்றாத, நாள்பட்ட, முழுசாகக் குணப்படுத்த வழியில்லாத நோய் என்று உலக சுகாதார சபை 2014-ல் தீர்மானமே போட்டிருக்கிறது. ஜெனீவாவில் போட்ட தீர்மானம் கருங்கல் வந்து சேர இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ.

"நீயே சாப்பாட்டை மாத்தினதாலதான் குறைஞ்சுதுன்னு சொன்னியே" என்று கேட்பீர்கள். சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஏத்தங்காய் சிப்ஸ், பழம்பொரி, நாலு மணி டீயோடு ரசவடை, டீயில் மூன்று ஸ்பூன் சீனி எல்லாவற்றையும் குறைத்தேன். மரச்சீனிக் கிழங்கை விடவில்லை, அளவைக் குறைத்தேன். எடை இறங்கியது. எடை இறங்க இறங்க அரிப்பும் தடிப்பும் இறங்கின, மாத்திரையும் நன்றாகப் பிடித்தது. அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளை 2018-ல் வெளியிட்ட உணவுப் பரிந்துரையிலும், எடை கூடியவர்கள் எடையைக் குறைப்பதைத்தான் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். மீனை விடு என்று அதில் இல்லை. என் டாக்டர் சாளை மீனைத் தாராளமாகச் சாப்பிடச் சொன்னார், வறுக்காமல் கறி வைத்து. அது மருந்து என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நல்ல சாப்பாடு, அவ்வளவுதான்.

துபாயிலிருந்து தம்பி ஒருவன் கோதுமையை நிறுத்து, தக்காளியை நிறுத்து, கத்தரிக்காயை நிறுத்து, உருளைக்கிழங்கை நிறுத்து என்று லிஸ்ட் அனுப்புகிறான். கோதுமை விஷயத்தில் ரத்தத்தில் அதற்கு எதிரான ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புப் பொருள் இருக்கிறவர்களுக்கு மட்டும் நிறுத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். எனக்குப் பார்த்தாயிற்று, இல்லை. கத்தரிக்காயை நோட்டுப் போட்டு எழுதி நிறுத்தியும் பார்த்தேன், சாப்பிட்டும் பார்த்தேன். முழங்கை கண்டுகொள்ளவே இல்லை. வேறு யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், அவர்கள் விட்டுக்கொள்ளட்டும். லிஸ்டில் கடைசியில் சாக்லேட்டும் இருந்தது தம்பி. லீவுக்கு வரும்போது நீ கொண்டுவருவது வேறு என்னவாம்?

"சித்த மருத்துவத்தை இழிவுபடுத்தாதே" என்று கிளம்புகிறவர்களுக்கு: நான் படுத்தவில்லை. தோலில் அரிப்பைக் கிளப்பும் கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் ஒதுக்கச் சொல்லி வளர்த்த பாட்டியின் பேத்திதான் நான். வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் ஊதா நிறமாகும் தெரியுமா? என் தலையணை உறையெல்லாம் அந்த நிறம்தான். தேய்த்தால் செதில் இளகும், இன்றைக்கும் தேய்க்கிறேன். முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. படித்த வைத்தியரிடம் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

சண்டை வேறு ஒருவரோடு. களியக்காவிளை தாண்டி ஒரு ஆளிடம் என்னைக் கூட்டிப்போனீர்களே, நினைவிருக்கிறதா? பெயர் எழுதாத பொட்டலத்தில் பொடி. உப்பில்லை, புளியில்லை, மீனில்லை, ஒரு மண்டலம் கஞ்சி. தோல் பளபளவென்று ஆனது. முகமும் உப்பியது, அதைப் பார்த்து "தேறிட்டா" என்றீர்கள். பத்தியத்தின் மகிமையை ஊரெல்லாம் சொன்னீர்கள். பொடி தீர்ந்ததும் முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது, கை கால் முதுகு என்று பாக்கியில்லாமல். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும் என்று தோல் டாக்டர் சொன்னார். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மோளே, நீ ஒளிச்சு மீன் தின்னிருப்பே."

குறைந்தால் பத்தியத்துக்குப் பெயர், கூடினால் என் நாக்குக்குப் பழி. வருஷக்கணக்காக இதே கணக்குதான். தொண்டைப் புண் வந்தாலும் கூடும், மன உளைச்சலிலும் கூடும், சில மாத்திரைகளாலும் கூடும் என்று சொன்னால் யாருக்கும் காது கேட்பதில்லை. இலையில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் எட்டிப் பார்க்கத் தெரியும்.

பார்ப்பதென்றால் எல்லார் இலையையும் பாருங்கள். அன்றைக்கு "ஆமா, மீன் ஆகாது" என்று ஒத்து ஊதிய சித்தப்பாவுக்கும் சோரியாசிஸ்தான். வேட்டிக்குள் இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. அவர் பந்திக்கு வந்ததே கார் டிக்கியில் வேலையை முடித்துவிட்டுத்தான். சோரியாசிஸுக்கும் குடிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த கிளாஸை யாராவது தடுத்தீர்களா? ஆணுக்கு வந்தால் தோல் வியாதி, பெண்ணுக்கு வந்தால் வாய்க் கொழுப்பு.

அக்கறை என்கிறீர்களே, அதையும் பேசிவிடலாம். மீனைத் தடுத்த அதே கை, என் பக்கத்து நாற்காலியில் ஏறி உட்கார்ந்த பேரப் பிள்ளையையும் தூக்கி அந்தப் பக்கம் வைத்தது. அதை யாரும் போனில் சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன். தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. திற்பரப்பு அருவியில் நான் இறங்கினால் தண்ணீரை விட்டு ஏறிப் போகிற பெண்களிடம் இதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சொந்தக்காரர்களிடமுமா சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்? என்னைப் பெண் பார்க்க வந்த காலத்தில் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தவர்கள்தானே நீங்கள். அன்றைக்கே உங்களுக்கு இது தெரியும்.

"இதையெல்லாம் பொதுவில் எழுதணுமா, தனியாப் பேசியிருக்கலாமே" என்பதுதான் அடுத்து வரும். பந்தியில் மைக் இல்லாத குறையாகச் சொன்னபோது அது தனியாக இருந்ததா?

மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டு என்று பயமுறுத்துகிறவர்களுக்கு ஒரே வரி: உண்டு, அதற்குத்தான் ரத்தம் எடுத்து ஈரலைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

நான் போடும் அந்த மாத்திரை, மெத்தோட்ரெக்சேட், வாரத்தில் ஒரு நாள்தான், நாளைக்கு அந்த நாள். போட்டால் மறுநாள் குமட்டும், யாரோடும் பேசப் பிடிக்காது. அதனால் திட்ட வேண்டியவர்கள் இன்று ராத்திரிக்குள் திட்டி முடித்துவிடுங்கள். மாமிக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறவர்கள் பேரப் பிள்ளை பற்றிய பத்தியை விட்டுவிடாமல் வாசியுங்கள்.